மெஷினை அப்புறம் பாக்கலாம், முதல்ல சிங்க்குக்கு கீழ குனிஞ்சு பாருங்க

வாசகர் கேள்வி பதில்: சமையலறை பக்கம்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சிங்க்ல மாட்டுற கழிவு அரைக்கிற மெஷினைப் பத்தித்தான் இருக்கு. ஃபுட் வேஸ்ட் டிஸ்போசர்னு முழுப்பேரு, நாம டிஸ்போசர்னே சொல்லிக்கலாம். நான் சிங்க், டிரெயின், பைப்னு இதே வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், மாட்டியும் இருக்கேன், கழட்டியும் இருக்கேன், அதை வச்சுத்தான் சொல்றேன். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தா ஒரே கேள்வியா சேர்த்துட்டேன்.

அண்ணா, எங்க வீட்டுல ஆறு பேர், மூணு வேளையும் சமையல் உண்டு. டிஸ்போசர் வாங்கலாம்னு கடைக்குப் போனா 1/2 எச்.பி., 3/4 எச்.பி., 1 எச்.பி.ன்னு மோட்டார் பலத்தைச் சொல்லி வரிசையா வச்சிருக்காங்க. "பெருசாவே எடுத்துக்கோங்க, எதைப் போட்டாலும் அரைச்சிடும், லேட்டஸ்ட் டெக்னாலஜி"ன்னு சொல்றாங்க. எதை எடுக்கறது?

லேட்டஸ்ட்டுன்னு சொன்னதுக்காக எதையும் எடுக்காதம்மா. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ரசீன்னு ஒரு ஊர், அங்க ஜான் ஹேம்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் 1927லயே இதை யோசிச்சு பண்ணிட்டாரு, 1935ல பேடண்ட் கிடைச்சுது, 1938ல இன்சிங்க்எரேட்டர்னு கம்பெனியும் ஆரம்பிச்சாரு. இன்னிக்கு வரைக்கும் உள்ள நடக்குற வேலை அதேதான். அடியில ஒரு தட்டு வேகமா சுத்தும், அதுல உள்ள போட்டதெல்லாம் ஓரத்துக்கு வீசப்படும், ஓரத்துல சொரசொரப்பா ஒரு வளையம் இருக்கும், அதுல மோதி உரசி பொடியாகி தண்ணியோட கீழ இறங்கிடும்.

இப்ப எச்.பி.க்கு வருவோம்னு நினைப்ப, ஆனா நான் அங்க வரமாட்டேன், ஏன்னா மாட்டி ரெண்டு மாசத்துல "வேலை செய்யலண்ணா"ன்னு கூப்பிடுற வீடுகள்ல மோட்டார் சின்னதா போச்சுங்குற பிரச்சனை ரொம்பக் கம்மி, குழாய்தான் பிரச்சனை. அதனால கடைக்குத் திரும்பப் போறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கிட்டு சிங்க்குக்கு கீழ குனிஞ்சு பாரு.

முதல்ல சுவத்துக்குள்ள போற கழிவுக்குழாய் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு அள. டிஸ்போசர் சிங்க்குக்கு அடியில தொங்கும், அதோட பக்கவாட்டுல தண்ணி வெளிய போற வாய் இருக்கும், அந்த வாயை விட டிராப்பும் (சிங்க்குக்கு கீழ வளைஞ்சு கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கிற குழாய்) சுவத்துக்குழாயும் கீழ இருக்கணும். ஒரு வீட்டுல நான் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது, புது மெஷின், நல்ல மெஷின், ஆனா சுவத்துல இருந்த குழாய் நாலு விரற்கடை மேல இருந்துச்சு. ஒவ்வொரு தடவை ஓடினதுக்கு அப்புறமும் மெஷின் வயித்துக்குள்ள அந்த நாலு விரற்கடை தண்ணி அப்படியே நின்னுடும். நான் கழட்டினப்ப கருப்பா, கூழ் மாதிரி, மேல வழவழன்னு ஒரு படலத்தோட கொட்டுச்சு, மூணு நாள் அந்த வீட்டுல வாடை போகல. மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. சுவத்தை உடைச்சு குழாயைக் கீழ இறக்கினப்புறம் அதே மெஷின்தான் அங்க ஓடுது. இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், அட்டைப்பெட்டியிலயோ கூட வர்ற புத்தகத்துலயோ படம் போட்டு சிங்க் அடியிலேர்ந்து வாய் வரைக்கும் எவ்ளோன்னு போட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு வாங்கு. சிங்க் ரொம்ப ஆழமா இருந்தா இந்த இடம் இன்னும் குறைஞ்சுடும், அதையும் மறந்துடாத.

அடுத்தது சிங்க்ல இருக்குற ஓட்டை. பெரும்பாலான டிஸ்போசர் மூணரை இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 90 மில்லிமீட்டர் ஓட்டைக்குத்தான் பண்ணிருக்காங்க. உன் சிங்க்ல சின்ன ஓட்டையா இருந்தா ஸ்டீல் சிங்க்கை வெட்டிப் பெருசு பண்ணலாம், ஆனா தகடு மெல்லிசா இருந்தா மெஷின் எடைக்கும் ஆட்டத்துக்கும் தாங்காது. கல்லு மாதிரி கெட்டியான சிங்க்னா வெட்டறதை ஆள் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடு, அதோட சிங்க் கனம் அதிகம்ங்கறதால அதுக்கேத்த நீளமான ஃபிளேஞ்சு, அதாவது மெஷினை சிங்க் ஓட்டையில பிடிச்சு நிறுத்துற வளையம், தனியா வாங்க வேண்டி வரலாம்.

அப்புறம் குழாயோட நிலைமை. பழைய இரும்புக்குழாயா இருந்தா உள்ள துருப்பிடிச்சு பாதி அடைஞ்சே இருக்கும், சும்மா தண்ணி போறதுக்கு அது போதும், அரைச்ச பொடி போறதுக்குப் போதாது. சிங்க்கை முழுசா ரொப்பி டக்குன்னு அடைப்பானை எடுத்துப் பாரு, சுழிச்சுக்கிட்டு சர்ர்ருன்னு இறங்கினா சரி. தேங்கித் தேங்கி குளுக்கு குளுக்குன்னு சத்தம் போட்டு இறங்கினா முதல்ல குழாயை மாத்து, டிஸ்போசர் அப்புறம். பிளக் பாயிண்டும் பாத்துக்கோ, எர்த்து இருக்கணும், டிராப்புக்கு நேர் கீழ இருக்கக்கூடாது.

இதெல்லாம் சரியா இருந்தா இப்ப எச்.பி. பேசலாம். ஆறு பேர் வீட்டுக்கு 3/4 எச்.பி. தாராளம். ரெண்டு மூணு பேர் வீடுன்னா 1/2 போதும். 1/3 எச்.பி.ன்னு ஒண்ணு கிடைக்கும், எப்பவோ ஒரு தடவை தட்டுல மிஞ்சினதைத் தள்ளறவங்களுக்கு அது. சின்ன எலும்பு அடிக்கடி போடுறவங்க, வீட்டுல எப்பவும் கூட்டம் இருக்குறவங்க மட்டும் 1 எச்.பி. யோசிக்கலாம். பெரிய மோட்டாருக்கு நான் சொல்ற நிஜமான லாபம் ஒண்ணுதான், ஜாம் ஆகறது குறையும். கூடவே பெரிய மாடல்கள்ல ரெண்டு மூணு கட்டமா அரைக்கிற அமைப்பு வரும், பொடி மெல்லிசா போகும், குழாய்க்கு அது நல்லது. சத்தத்தை அடக்குற உறையும் பெரும்பாலும் அதுலதான் வரும்.

எச்.பி.யை விட நான் முக்கியமா பாக்கறது உள்ள இருக்குற உலோகம். அரைக்கிற தட்டும் வளையமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு கேளு. துத்தநாகம் பூசின இரும்புன்னா நாளாக நாளாக பூச்சு தேய்ஞ்சு துரு ஏறும், எப்பவும் ஈரத்துலயே இருக்குற சாமானில்லையா. ஒரே எச்.பி.ல ரெண்டு மெஷின் இருந்தா ஸ்டெயின்லெஸ்ஸை எடு, வாரண்டி எத்தனை வருஷம்னு பாரு, வாரண்டி நீளமா இருந்தா கம்பெனிக்கே அதுமேல நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம்.

வீட்டுல மூணு வயசுப் பையன் இருக்கான், எல்லா சுவிட்ச்சையும் போட்டுப் பாப்பான். உள்ள பிளேடு சுத்துமேன்னு பயமா இருக்கு. குழந்தை இருக்குற வீட்டுல வைக்கலாமா அண்ணா?

மிக்சில இருக்குற மாதிரி கூர்மையான பிளேடு இதுல கிடையாது, மழுங்கலா ரெண்டு உலோகத்துண்டு தட்டு மேல ஆடிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான். ஆனா அதுக்காக பயம் வேண்டாம்னு சொல்லமாட்டேன், அந்த வேகத்துல விரல் பட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

உனக்கு பேட்ச் ஃபீட்னு ஒரு வகை இருக்கு, அதைக் கேட்டு வாங்கு. சாதாரண மெஷின் கண்டினியூவஸ் ஃபீடு, சுவிட்சைப் போட்டா வாய் தெறந்தபடியே ஓடும், போடப் போட அரைக்கும். பேட்ச் ஃபீடுல மூடியை வச்சு அழுத்தினாலோ திருப்பினாலோதான் ஓடும், மூடியை எடுத்தா நின்னுடும். கழிவை கொஞ்சம் கொஞ்சமா ரொப்பி ரொப்பி அரைக்கணும், அதனால நேரம் கொஞ்சம் கூட ஆகும், மாடலும் நிறைய கிடைக்காது, விலையும் பொதுவா கூடத்தான் இருக்கும். மூணு வயசுப் பிள்ளை இருக்குற வீட்டுல நான் இந்தக் குறையையெல்லாம் யோசிக்கவே மாட்டேன், பேட்ச் ஃபீடுதான். பெரியவங்க மட்டும் இருக்குற வீட்டுக்கு சாதாரணது போதும், ஆனா சுவிட்சு ஏர் சுவிட்சா இருக்கட்டும், சிங்க் மேலயே ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா ஒரு சின்ன டியூப் வழியா காத்து போய் கீழ இருக்குற சுவிட்சைத் தட்டும், ஈரக்கையோட தொட்டாலும் கரண்டு கையில வராது.

தம்பி, எங்க வீட்டுல செப்டிக் டேங்க்தான். பிள்ளைங்க இதை வாங்கித் தர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்குறாங்க. வாங்கிக்கட்டுமா?

பிள்ளைங்க ஆசையா சொல்றாங்க, ஆனா நான் வேண்டாம்னுதான்மா சொல்லுவேன். செப்டிக் டேங்க்ல திடமானது அடியில சேறா தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேல ஆடையா மிதக்கும், நடுவுல இருக்குற தண்ணி மட்டும் வெளிய போகும். டிஸ்போசர் வச்சா ரெண்டுமே சீக்கிரம் ஏறும், டேங்க்ல இருக்குற சேறை சீக்கிரம் சீக்கிரம் எடுக்க வேண்டி வரும். எடுக்காம விட்டா சேறு வெளிய போற வழியில போயி மண்ணுல தண்ணி இறங்கற இடத்தையே அடைச்சிடும், அப்புறம் அந்த இடத்தைத் தோண்டிப் போடணும். டேங்க் பெருசு, புதுசு, முறையா எடுத்துக்கிட்டு இருக்கோம்னா வைக்கலாம், செப்டிக்குக்குன்னே சில மாடலும் விக்கிறாங்க. டேங்க்கை கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லைன்னா, பிள்ளைங்ககிட்ட அந்தக் காசுல டேங்க்கை சுத்தம் பண்ணித் தரச் சொல்லுங்க.

மச்சான் அமெரிக்காவுலேர்ந்து வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்னு சொல்றாரு. இங்க 230 வோல்ட்டு. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம்னு சொல்லிடுங்க. அங்க 120 வோல்ட்டு, 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்டு செகண்டுக்கு எத்தனை தடவை திசை மாறி மாறி வருதுங்கறதை, மாத்தாது. சாதாரண இண்டக்ஷன் மோட்டார் அங்க நிமிஷத்துக்கு 1725 சுத்து சுத்தும்னா இங்க இருக்குற 50 ஹெர்ட்ஸ்ல 1425 பக்கம் இறங்கிடும், சூடும் கூடும். ரிப்பேர் வந்தா பார்ட்ஸும் கிடைக்காது, வாரண்டியும் செல்லாது. உங்க ஊர் கரண்டுக்குன்னு பண்ணின மாடல்தான் சரி.

எல்லாம் கேட்டு விசாரிச்சுத்தான் வாங்கினோம், எட்டு மாசமா நல்லா ஓடுது, ஆனா சிங்க் பக்கம் போனாலே ஒரு புளிச்ச வாடை. ஐஸ் கட்டி போட்டா பிளேடு கூர் ஆகும், வாடையும் போகும்னு சொன்னாங்க, போட்டேன், போகல.

பிளேடே இல்லாத இடத்துல கூர் எங்கேர்ந்து ஆகும் தங்கச்சி. ஐஸ் உள்ள ஒட்டியிருக்குறதை தட்டி உதிர்க்கும், அது நிஜம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நீ தேடுற வாடை உள்ளயே இல்ல, மேல் வாயில இருக்கு. சிங்க் ஓட்டையில கருப்பா ஒரு ரப்பர் இதழ் மாதிரி இருக்குல்ல, தெறிக்காம இருக்கறதுக்குப் போட்டது, அதோட அடிப்பக்கத்தை யாரும் பாக்குறதே இல்ல. மெயின் பிளக்கை கழட்டிடு, கையுறை போட்டுக்கோ, அந்த இதழை ஒண்ணு ஒண்ணா மேல மடக்கி டார்ச் அடிச்சுப் பாரு. பழுப்பா, சளி மாதிரி ஒரு கனமான படலம் அப்பியிருக்கும், அரைக்கும்போது மேல தெறிச்சதெல்லாம் அங்கதான் போய் ஒட்டும், தண்ணி ஊத்துனா மேல் பக்கம் மட்டும்தான் கழுவும். பழைய டூத் பிரஷ்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு ரெண்டு பக்கமும் நல்லா தேய். பல மாடல்ல அந்த ரப்பரை தனியாவே கழட்டலாம், அப்படின்னா வேலை இன்னும் சுலபம், கிழிஞ்சிருந்தா புதுசு மாத்திடு.

அடுத்து சிங்க்கை பாதி ரொப்பி மெஷினை ஓட விட்டு மொத்தமா இறக்கு, உள்ள எல்லா பக்கமும் அலசிடும். வாரத்துக்கு ஒரு தடவை இதைப் பண்ணினா போதும். அடைப்பு எடுக்குற ஆசிட், கெமிக்கல் எதையும் ஊத்தாத, உள்ள இருக்குற ரப்பர் சீலை அரிச்சிடும், அப்புறம் அடியில ஒழுக ஆரம்பிக்கும்.

சுவிட்சு போட்டா ம்ம்ம்ம்னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. புதுசு வாங்கணுமா?

வாங்க வேண்டாம். உடனே ஆஃப் பண்ணுங்க, உறுமவிட்டுக்கிட்டே நிக்காதீங்க, மோட்டார் சூடாயிடும். பிளக்கை கழட்டுங்க. மெஷினோட அடியில நடுவுல ஆறுபட்டை ஓட்டை ஒண்ணு இருக்கும், கால் இஞ்ச் ஆலன் கீயை (எல் மாதிரி வளைஞ்ச ஆறுபட்டைக் கம்பி) அதுல விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுங்க, முதல்ல இறுக்கமா இருக்கும், ஒரு இடத்துல டக்குன்னு விடும், அந்த விடுறது கைக்கே தெரியும். அப்புறம் மேலேர்ந்து டார்ச் அடிச்சு மாட்டினதை இடுக்கியால எடுங்க, கையை விடவே விடாதீங்க, பிளக்கு கழட்டியிருந்தாலும் விடாதீங்க. நான் எடுத்ததுல அதிகமா இருந்தது டீஸ்பூன், பாட்டில் மூடி, ஒரு தடவை ஒரு மோதிரம். எடுத்ததும் பத்து நிமிஷம் ஆறவிட்டு, அடியில இருக்குற சிவப்பு ரீசெட் பட்டனை அமுக்கிட்டு தண்ணியைத் தெறந்துவிட்டு ஓட்டிப் பாருங்க. சில மாடல்ல அடியில அந்த ஓட்டை இருக்காது, வேற வழி வச்சிருப்பாங்க, புத்தகத்தைப் பாத்துக்கோங்க. சுவிட்சு போட்டா சத்தமே வரலைன்னாலும் முதல்ல ரீசெட்டைத்தான் அமுக்கிப் பாக்கணும்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது? எண்ணெயை வெந்நீர் ஊத்தி அனுப்பினா போயிடும்னு வீட்டுக்காரர் சொல்றாரு.

வெந்நீர்ல உருகிப் போகுற எண்ணெயும் கொழுப்பும் நாலு அடி தள்ளி குழாய் குளிர்ச்சியா இருக்குற இடத்துல உறைஞ்சு ஒட்டும், அடுத்து வர்ற பொடியெல்லாம் அதுமேல ஒட்டும், குழாய் உள்ளுக்குள்ள மெழுகு ஊத்தின மாதிரி ஆயிடும். எண்ணெய் போடவே கூடாது. அரைக்கும்போது எப்பவும் பச்சைத்தண்ணிதான், ஒட்டியிருக்குற கொஞ்சநஞ்ச கொழுப்பு கெட்டியாவே இருந்து பொடிஞ்சு போயிடும். முதல்ல தண்ணி, அப்புறம் சுவிட்சு, அப்புறம் கழிவு. அரைச்சு முடிச்சு சத்தம் மாறினப்புறமும் ஒரு பதினஞ்சு இருபது செகண்டு தண்ணி ஓடட்டும், இந்த இருபது செகண்டைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க, அதனாலதான் டிராப்புல பொடி தங்குது.

நாருள்ள தண்டு, சோளத்தோல், வெங்காயச் சருகு வேண்டாம், நூலா சுத்திக்கும். சோறு, நூடுல்ஸ் மாதிரி மாவா இருக்குறது ஒரு கை அளவு பரவாயில்ல, ஒரு பாத்திரமா கொட்டினா டிராப்புல ஊறி உப்பி அடைச்சிடும். உருளைக்கிழங்குத் தோல் மொத்தமா போட்டாலும் அதே கதி, பசையாயிடும். காபித்தூள் சக்கை போறப்ப சுலபமா போயிடும், ஆனா மணல் மாதிரி வளைவுல படியும். பெரிய எலும்பு வேண்டாம். மத்த காய்த்தோல், பழத்தோல், தட்டுல மிஞ்சினது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க.

கரண்டு எவ்வளவு இழுக்கும்?

ரொம்பக் கம்மி. 3/4 எச்.பி.ங்கறது கிட்டத்தட்ட 560 வாட், தினம் மூணு நிமிஷம் ஓடினாலும் மாசத்துக்கு ஒரு யூனிட் பக்கம்தான். தண்ணியை கணக்கு பண்ணுங்க, நிமிஷத்துக்கு ஏழு லிட்டர்னு வச்சாலும் மூணு நிமிஷத்துக்கு 21 லிட்டர், மாசத்துக்கு 600 லிட்டரைத் தாண்டிடும். தண்ணி காசு குடுத்து வாங்குற வீட்டுல இதை வைக்கச் சொல்லி நான் யாரையும் சொல்றதில்ல, தண்ணியை மிச்சம் பிடிச்சு ஓட்டினா மெஷினும் கெடும் குழாயும் அடையும்.

நாங்க அபார்ட்மெண்ட்ல நாலாவது மாடி. அசோசியேஷன்ல கேக்கணுமா, இது நம்ம வீட்டுக்குள்ள இருக்குற சாமான்தானே?

சாமான் உங்க வீட்டுல, குழாய் எல்லாருக்கும். நீங்க அரைச்சு விட்டது அடைச்சா முதல்ல பொங்குறது தரைத்தள வீட்டு சிங்க்லதான், உங்களுக்கு தெரியக்கூட தெரியாது. நியூயார்க் மாதிரி பெரிய ஊர்லயே பழைய சாக்கடைக்குழாய் தாங்காதுன்னு பல வருஷம் வீடுகள்ல இதை மாட்டவிடாம வச்சிருந்தாங்க, 1997லதான் தடையை எடுத்தாங்க. அதனால எழுதிக் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பொதுக்குழாயை கடைசியா எப்ப சுத்தம் பண்ணினாங்கன்னும் கேளுங்க. உங்க ஊர் நகராட்சி விதியில இதுக்கு அனுமதி இருக்கான்னும் ஒரு தடவை விசாரிச்சிடுங்க.

எங்ககிட்ட கொஞ்சம் தோட்டம் இருக்கு, கம்போஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கேன். தோழிங்க எல்லாம் டிஸ்போசர் வச்சிட்டாங்க. நானும் மாறணுமா அண்ணா?

எதுக்கு மாறணும்? தோல், சக்கை, காபித்தூள், முட்டை ஓடு எல்லாம் மண்ணுக்குப் போறது நல்ல விஷயம், அதை எடுத்து தண்ணியில விட்டு சாக்கடைக்கு அனுப்ப நான் சொல்லமாட்டேன். சில ஊர்ல கழிவுநீர் நிலையத்துல இதுலேர்ந்து வாயு எடுத்து கரண்டு பண்றாங்க, அந்த மாதிரி இடத்துல டிஸ்போசர் பத்தி வேற மாதிரி பேசலாம், எல்லா ஊர்லயும் அது இல்ல. உனக்கு கம்போஸ்ட்ல கஷ்டம் எங்கன்னு பாரு. சமைச்ச மிச்சமும் எப்பவாவது வர்ற சின்ன எலும்பும்தான் கஷ்டம், எலி வரும், நாறும். அதுக்கு மட்டும் ஒரு சின்ன 1/2 எச்.பி. மாட்டிக்கலாம், மத்ததெல்லாம் தோட்டத்துக்கே போகட்டும். ரெண்டு கிண்ணமுள்ள சிங்க்னா சின்ன கிண்ணத்துல மாட்டச் சொல்லு, பாத்திரம் கழுவுற பக்கத்துல வேண்டாம், ஸ்பூன் விழறது அந்தப் பக்கம்தான்.